ஓரத்தை எண்ணாதே

சே. ம. சூ. எழுதியாயிற்று. கை தானாகவே தாளின் தலைக்குப் போய் எழுதிவிட்டது, சேசு மரி சூசை, பன்னிரண்டு வருஷம் கான்வென்ட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே எழுதின பழக்கம், பிள்ளையார் சுழி போடுகிற வீட்டிலிருந்து போன பெண் என்று கைக்குத் தெரியுமா என்ன. நாலாம் வகுப்பில் அம்மா சொல்லச் சொல்ல மளிகைச் சீட்டு எழுதும்போது அதன் தலையிலும் போட்டுவிட்டேன், கடைக்காரர் வெகு நேரம் யோசித்து சேமியா கால் கிலோ, மஞ்சள் ஒரு பொட்டலம், சூடம் ஒரு டப்பா என்று கட்டிக் கொடுத்துவிட்டார், அன்றைக்கு எங்கள் வீட்டில் காரணமில்லாமல் பாயசம். இதை நினைத்து இப்போது சிரிக்கக் கூடாது. சிரித்தால் வயிறு குலுங்கும், வயிறு குலுங்கினால் கை குலுங்கும், இடது கையின் மேல் ஆவுடை தூங்குகிறாள். பதினான்கு மாதம், ஒன்பதரை கிலோ, வாய் பாதி திறந்து, என் கை அவளுக்குத் தலையணையாகி அரை மணியாயிற்று, விரல்களெல்லாம் மரத்துப்போய் யாருடையதோ மாதிரி கிடக்கின்றன. அவள் வயிற்றுக்குக் கீழே என் போன். போனுக்குள் என் ரிப்போர்ட். மணி எட்டே முக்கால். வீட்டுக்காரர் உலகநாதன் துறைமுகத்தில் இரண்டாம் ஷிஃப்ட், கிரேனிலிருந்து இறங்கி வீடு வரப் பத்தரை ஆகும். காக்கா வீடியோ இல்லாமல் ஆவுடை ஒரு வாய் சோறு வாங்கமாட்டாள் என்று ஏழே முக்காலுக்குப் போனைக் கொடுத்தேன், மூன்றாவது காக்கா பறக்கும்போது திரையின் தலையில் ஒரு வரி வந்து இறங்கியது, 'தங்கள் திசுப் பரிசோதனை அறிக்கை தயார்', நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள், காக்காவை மறைக்கிறதே என்று ரசம் சாதம் ஒட்டின விரலால் அதை ஒரே தள்ளாய்த் தள்ளிவிட்டு "கா" என்றாள். அப்படியே போனைக் கட்டிக்கொண்டு, பால் குடித்து, என் காது மடலைப் பிடித்துத் திருகிக்கொண்டே, போன் மேலேயே கவிழ்ந்து தூங்கிப்போனாள். இழுத்தால் முழித்துவிடுவாள், முழித்தால் பதினொன்று வரை கிடையாது. அதனால் எட்டின இடத்தில் கிடந்த இந்த ரெக்கார்டு நோட்டை இழுத்து வைத்துக்கொண்டேன். காலையில் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலிசெய்தபோது அவள் உருவிப் போட்டது, என் எம்.எஸ்ஸி. புராஜெக்ட் நோட்டு, ஆறு வருஷம் ஆகியும் இதில் செருகியிருந்த பேனா எழுதுகிறது.

ஃபேன் காற்று சூடாக வருகிறது. தூத்துக்குடியில் சித்திரை மாசம் காற்று என்றால் அடுப்பு பெருமூச்சு விடுகிற மாதிரி. ஆவுடையின் கழுத்து மடிப்பில் வேர்க்குரு, ஊதிவிடுகிறேன், தூக்கத்திலேயே கழுத்தை உயர்த்தி இன்னும் ஊது என்கிறாள், ராணி. ஆவுடை என்ற பேரைக் கேட்டு நான் எவ்வளவு சண்டை போட்டேன், சங்கரன்கோவிலில் நேர்ந்துகிட்டேன் என்று அத்தை, உலகநாதனின் அம்மா, ஒற்றைக் காலில் நின்றார்கள், இப்போது வேறு எந்தப் பேரும் இந்தக் கழுத்துக்குப் பொருந்தாது. அத்தையால்தான் எல்லாம். போன மாசம் சுகாதார நிலையத்தில் முப்பது வயது தாண்டின பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய் சோதனை என்று நர்ஸ் வீடு வீடாகச் சொல்லிப்போனார், எனக்கு இருபத்தொன்பது, நான் துணைக்குத்தான் போனேன். உள்ளே திரைக்கு முன்னால் போனதும் அத்தை என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். "ஏ செம்பா, நீ மொதல்ல போயிட்டு வந்து எப்படி இருக்குன்னு சொல்லு தாயி, ஒனக்கு ஒண்ணும் ஆவலன்னா நான் போறேன்." நர்ஸ் சிரித்தார், "அவங்களுக்கு வயசு வரலியே" என்றார், "ஒரு வயசுதான கொறையுது, பாத்து விடும்மா" என்று அத்தை காய்கறிக்காரனிடம் பேசுகிற மாதிரி பேசினார்கள். போனேன். தைரியம் காட்டத்தான் போனேன். ஊறுகாய்க்கு ஊற்றுகிற காடி மாதிரி ஒன்றைத் தொட்டு வைத்து ஒரு நிமிஷம் பார்த்தால், சரியில்லாத இடம் வெளுக்கும். வெளுத்தது. எனக்கு வெளுத்தது. அத்தைக்கு ஒன்றுமேயில்லை, பவளம் மாதிரி இருக்கிறது என்று நர்ஸ் சொன்னாராம், அதைக் கேட்டு அத்தை அழுத அழுகை இருக்கிறதே, "எனக்கு வந்திருக்கக் கூடாதா, அனுபவிச்ச கட்டை" என்று பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி. நான்தான் தட்டிக்கொடுத்துக் கூட்டிவந்தேன். அவர்கள் பயப்படவில்லை என்றால் எனக்கு இது தெரிந்தே இருக்காது, இதை அவர்களிடம் எத்தனை தரம் சொல்லியும் ஏறவில்லை. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி, பெரிய விளக்கு, டாக்டரம்மா, "எட்டு நிமிஷ வேலைம்மா", சூடான கம்பி வளையம் ஒன்று, மரத்துப்போக ஊசி, வலியில்லை, தோசைக்கல்லில் தலைமுடி விழுந்த மாதிரி ஒரு வாசனை மட்டும். அது என் வாசனை என்று ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. நகத்தளவு ஒரு துண்டு. அந்தத் துண்டைத்தான் யாரோ மெழுகில் புதைத்து, மெலிதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். எப்படிச் சீவுவார்கள், எப்படி ஒட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியாமலிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

தெரியும், ஏனென்றால் இந்த நோட்டு. ஆறு மாசம் நானும் பர்வீனும் அதைத்தான் செய்தோம். அறுபது பெண்கள், பேர் கிடையாது, எண் மட்டும், வயசும் எத்தனை பிரசவம் என்பதும் மட்டும். எல்லோருக்கும் இதே இடத்திலிருந்து சீவின துண்டு. அதில் ஒரு புரதத்தைத் தேடினோம். செல்லுக்குச் சூடு பட்டால் உள்ளே இருக்கிற புரதங்களெல்லாம் வடிவம் குலைந்து, முட்டை வேகிற மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அப்போது செல் அவசர அவசரமாக வேறொரு வகைப் புரதத்தைச் செய்து அனுப்பும், அது ஓடிப்போய்க் குலைந்ததைத் தாங்கிப் பிடித்து, மறுபடி மடித்து, நிமிர்த்தி வைக்கும். வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்று புத்தகத்தில் பேர். சூடு என்றில்லை, பட்டினி, நஞ்சு, கிருமி, எந்த நெருக்கடிக்கும் வரும். முதல் நாள் படித்ததுமே நான் பர்வீனிடம் சொன்னேன், இது எங்கள் கான்வென்ட் ஹாஸ்டல் சிஸ்டர் லியோக்காதியா. சுவரேறிக் குதித்து சர்க்கஸ் பார்க்கப் போன இரண்டு பேரை மதர் பிடித்தபோது, "என்னோடு சிற்றாலயத்தில் ஜெபமாலை சொன்னார்கள் மதர்" என்று கூசாமல் சொன்னவர், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற சனிக்கிழமை பாவசங்கீர்த்தன வரிசையில் முதல் ஆளாகத் தானே போய் நிற்பார். தேம்பிக்கொண்டு வருகிறவள் நல்லவளா கெட்டவளா என்று கேட்கமாட்டார், முதலில் தாங்குவார். மற்றவர்கள் பெட்டியைத் திறந்து திறந்து திருடின ஒருத்தியையும் அப்படித்தான் ஒரு வருஷம் தாங்கினார். அங்கேதான் சிக்கல். கர்ப்பப்பை வாயில் ஒரு வைரஸ் வரும், சளி மாதிரி எத்தனையோ பேருக்கு வந்து தானாகப் போய்விடும், சிலருக்குத் தங்கிவிடும். தங்கினால், 'நீ கெட்டுவிட்டாய், போதும், செத்துப்போ' என்று கெட்ட செல்லுக்குச் சொல்கிற காவல் புரதத்தைக் கட்டிப்போடும். கெட்ட செல் தறிகெட்டு வளரும், வளர வளர அதற்கே மூச்சுமுட்டும், பட்டினி, நெருக்கடி, சாகிற நிலைக்கு வரும். உடனே ஓடிவருவார் லியோக்காதியா. தாங்குவார். பிழைக்க வைப்பார். முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி என்று நோய் ஏற ஏற அந்தப் புரதமும் ஏறும், எங்கள் சாயத்தில் அது பழுப்பாகத் தெரியும், நூறு செல்லில் எத்தனை பழுப்பு என்று எண்ண வேண்டும். சாயம் கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க முதலில் பால் பவுடரைக் கரைத்து ஊற்றுவோம், அந்தப் பால் பவுடரில் பர்வீன் டீ போட்டுக் குடித்து ஆராய்ச்சி முடிவதற்குள் இரண்டு டப்பா காலி.

முப்பத்தேழு. காலையில் ஆவுடை நோட்டை உருவினபோது அந்தப் பக்கம்தான் திறந்தது, இப்போதும் அதே பக்கத்துக்குப் பின்னால்தான் எழுதுகிறேன், பேனாவை அழுத்தினால் அந்த எண் இந்தப் பக்கம் புடைத்துக்கொண்டு தெரிகிறது. எண் முப்பத்தேழு, வயது இருபத்தொன்பது, பிரசவம் ஒன்று. என் வயது. என் பிரசவம். அன்றைக்கு எனக்கு இருபத்துமூன்று, இருபத்தொன்பது என்றால் யாரோ ஒரு பொம்பளை. மூன்றாம் படி. லென்சுக்குள் பார்த்ததும் எனக்கு அத்தனை சந்தோஷம், இதை யாரிடமும் சொன்னதில்லை, கருப்பட்டிப் பாகு மாதிரி அவ்வளவு அழகான பழுப்பு, நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வேறு போட்டிருக்கிறேன், இதோ, சிவப்பு மையில் நட்சத்திரம். கிராஃபில் கோடு மாடிப்படி மாதிரி ஏறியது. முப்பத்தேழுக்கு ஒரு குழந்தை இருந்தது. அது காது மடலைப் பிடித்துத் தூங்கியதா? நட்சத்திரம் போட்டேனே. இப்போது எங்கேயோ ஒரு லேபில் எந்தப் பெண்ணாவது என் துண்டைப் பார்த்து ஆஹா என்றாளா? சொல்லியிருப்பாள், சொல்லட்டும், சொன்னால் என்ன, நன்றாகப் பார்த்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம். நான் பார்த்தது நன்றாகப் பார்த்ததில்லை. பர்வீன் மறுபடி சரிபார்க்கும்போது கண்டுபிடித்தாள். "ஏட்டி செம்பா, ஓரத்தை ஏன்ட்டி எண்ணுன? இது கம்பி சுட்ட இடம்லா, ஓரம் கருகிப்போயிக் கெடைச்ச சாயத்தையெல்லாம் குடிச்சிருக்கு. அது சீக்கு இல்லட்டி, சுட்ட புண்ணு. நடுவுல எண்ணு." அறுபதில் பதினொன்றில் அப்படிச் செய்திருந்தேன். மறுபடி எண்ணினேன். முப்பத்தேழு தொண்ணூற்றிரண்டிலிருந்து அறுபத்தொன்றுக்கு இறங்கினாள். கோடு கோணலாயிற்று, என் மாடிப்படி இடிந்தது, நான் பெஞ்சில் தலைவைத்து அழுதேன். பர்வீன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள், "ஒரு பொம்பளைக்குச் சீக்கு கொறஞ்சதுக்கு அழுவுத மொத ஆளு ஒலகத்துலயே நீதாம்ட்டி."

உண்மையைச் சொன்னால், போனை எடுக்க முடியாமலில்லை. கையை மெல்ல உருவி, தலையணையைச் செருகி, வயிற்றைத் தூக்கி, ஒரு தாய்க்குத் தெரியாத வித்தையா. தினமும் செய்கிறதுதான். இன்றைக்கு ஆவுடைதான் எடுக்கவிடவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒன்பதரை கிலோ எடையுள்ள சாக்கு. திறக்காத வரைக்கும் அதில் நல்லதும் இருக்கிறது. மூன்றாம் படி என்று முதல் தடவை துளி கிள்ளி எடுத்துப் பார்த்தபோதே சொல்லிவிட்டார்கள், அதில் சந்தேகமில்லை, கேள்வி இரண்டே இரண்டு, மேல்தோலுக்கு அடியில் விரித்திருக்கிற தரைச் சவ்வைத் தாண்டி உள்ளே இறங்கியிருக்கிறதா, வெட்டின ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா. இறங்கியிருந்தால் படி இல்லை, புற்று. எழுதிவிட்டேன். அந்த வார்த்தையை எழுதினதும் ஃபேன் நிற்கவில்லை, பல்லி கத்தவில்லை, ஆவுடை எச்சில் விட்டாள், அவ்வளவுதான். கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால் எடுத்துக்கொள்ளட்டும், குடியிருந்தவள் வெளியே வந்து ரசம் சாதம் தின்றுகொண்டிருக்கிறாள், காலி வீட்டுக்கு என்ன வாடகை. ஆனால் நான் போய்விட்டால், காக்கா தூக்கிட்டுப் போயிரும் என்று சொன்னால்தான் கடைசி வாய் வாங்குவாள் என்பது யாருக்குத் தெரியும், தலைக்கு ஊற்றும்போது இடது காதைத்தான் முதலில் பொத்த வேண்டும், வலதைப் பொத்தினால் ஊரைக் கூட்டுவாள், உலகநாதனுக்கு இது தெரியாது, அவர் இரண்டு காதையும் ஒன்றாகப் பொத்துவார், கிரேன்காரர். இருபது டன்னைப் பூ மாதிரி இறக்கி வைக்கிறவர், இவளைக் குளிப்பாட்டச் சொன்னால் கை உதறும். "செம்பா, ஒன் சீக்கு எத்தனை டன்னுன்னு சொல்லு, கொக்கியில மாட்டிக் கடல்ல போட்டுருதேன்" என்றார் அன்றைக்கு, சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் வெகு நேரம் குழாயைத் திறந்தே வைத்திருந்தார். எனக்குக் கேட்டது. இப்போது இந்தக் கனத்தைப் பார், மரத்த கையில் எறும்பு ஊர்கிற மாதிரி உயிர் வந்து வந்து போகிறது, அவள் மூச்சு என் முழங்கை மடிப்பில் பட்டுப் பட்டு, பால் வாசனை, ரசத்தின் சீரக வாசனை, உச்சந்தலையில் வியர்வை வாசனை, இவ்வளவு பயத்துக்கு நடுவில் இப்படி ஒரு சந்தோஷம் எங்கிருந்து வருகிறது, வெட்கமில்லாமல் வருகிறது. லேபில் வெந்நீர்த் தொட்டியில் நாற்பத்திரண்டு டிகிரி வைத்து செல்களை அரை மணி விட்டால் அந்தப் புரதம் பொங்கிக்கொண்டு வரும், நெருக்கடி இல்லாமல் அது வராது. எனக்குள்ளும் ஒன்று பொங்கத்தான் செய்கிறது. லியோக்காதியா அம்மா, இன்றைக்கு மட்டும் நல்லவளைத் தாங்குங்கள், கெட்டதைத் தாங்கினது போதும், சனிக்கிழமை வரிசையில் உங்களுக்குப் பதிலாக நான் நிற்கிறேன்.

போன் அடித்தது. சத்தம் இல்லை, வைப்ரேஷனில் வைத்திருந்தேன், ஆவுடையின் வயிற்றுக்குக் கீழே ர்ர்ர் என்று ஓடியது, நான் பேனாவைப் போட்டுவிட்டு உறைந்துபோனேன், முழித்தாள் என்றால் தொலைந்தேன். அவள் முழிக்கவில்லை. தூக்கத்திலேயே சிரித்தாள். மறுபடி ர்ர்ர், தொப்புளில் யாரோ கிச்சுகிச்சு மூட்டினது போல் காலை உதைத்து, கன்னம் குழிய, சத்தம் போட்டுச் சிரித்தாள், மூன்றாவது ர்ர்ருக்கு ஒரு புரண்டு, கையை விட்டு உருண்டு, பாயில் மல்லாந்து, சிரிப்பு முடியாமலே தூங்கிப்போனாள். போன் வெளியே கிடந்தது, திரையெல்லாம் ரசம். பர்வீன். இப்போது மேலப்பாளையத்தில் பெரிய லேபில் இருக்கிறாள், என் ரிப்போர்ட் என்றைக்கு வரும் என்று என்னைவிட அவள்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். "ஏட்டி, வந்திருக்குமே, பாத்தியா?" "இல்லட்டி." "ஏன்?" "ஆவுடை மேல படுத்திருந்தா." "பிள்ளை மேல பழியப் போடாத. தெற, படி, நான் இருக்கேன்." திறந்தேன். ரசத்தில் விரல் வழுக்கி இரண்டு தரம் காக்கா வந்தது. "மூன்றாம் படின்னு போட்டிருக்குட்டி." "அது தெரிஞ்சதுதான, கீழ போ." "தரைச் சவ்வைத் தாண்டலன்னு போட்டிருக்கு. ஊடுருவல் இல்லன்னு போட்டிருக்கு." அந்தப் பக்கம் ஒரு மூச்சு விடும் சத்தம். "அல்ஹம்துலில்லாஹ். ஓரம்?" கண் அடுத்த வரியில் மாட்டிக்கொண்டது, முள்ளில் சேலை மாட்டின மாதிரி. "பர்வீன், ஓரத்துல மாற்றம் இருக்குன்னு போட்டிருக்கு." "என்ன மாற்றம்? முழுசாப் படி." படிக்கவில்லை, நான் ஏற்கெனவே போய்விட்டேன், ஆவுடைக்கு ஐந்து வயது, வேறு யாரோ வலது காதைப் பொத்துகிறார்கள். "செம்பா! ஏ கழுதை! முழு வரியையும் படி!" படித்தேன். ஓரத்தில் வெப்பத்தால் ஏற்பட்ட மாற்றம் காணப்படுகிறது. ஓரங்கள் நோயற்றவை. ஆறு மாதத்தில் மறுபரிசோதனை. அப்புறம் அவள் சொன்னாள், "எத்தனை வருஷமாச்சு, இன்னும் ஓரத்தையே எண்ணுதியேட்டி. அது கம்பி சுட்ட எடம்." மூக்கை உறிஞ்சினேன். "அழுவுதியா?" "ம்." "சீக்கு கொறஞ்சதுக்கு ரெண்டாவது தடவை அழுவுத. நல்லா அழு. நாளைக்கு லீவு போட்டுட்டு வாறேன், பால் பவுடர் வாங்கி வையி."

பின்பக்கத்தைத் திருப்பினேன். முப்பத்தேழு. தொண்ணூற்றிரண்டை அடித்து அறுபத்தொன்று என்று எழுதியிருக்கிறது, அடித்த கோட்டில் அன்றைய கோபம் தெரிகிறது, தாள் கிழிந்திருக்கிறது. நட்சத்திரத்தை அடிக்கவில்லை. அடிக்கப் போவதும் இல்லை. நகத்தளவு ஒரு துண்டைக் கொடுத்துவிட்டுப் போன முப்பத்தேழு, உங்கள் குழந்தைக்கு இப்போது என்ன வயசிருக்கும், கான்வென்ட்டுக்குப் போகிறதா, எதன் தலையில் என்ன எழுதுகிறது? நீங்கள் இறங்கினதற்கு நான் அழுதேன், தெரியாமல் அழுதேன், அந்த அழுகையை இப்போது வேறு கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மணி ஒன்பதே கால். உலகநாதன் வர இன்னும் ஒன்றேகால் மணி. போனில் சொல்லப் போவதில்லை, கிரேனில் இருக்கிறவரிடம் சொல்லக் கூடாது, இருபது டன்னைக் கை நழுவவிட்டுவிடுவார், கதவைத் திறந்து முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அத்தையிடம் காலையில் சொல்லலாம், எனக்காக நேர்ந்துகொள்ளப் போயிருக்கிறார்கள், இப்போது சொன்னால் ராத்திரியே சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறிவிடுவார்கள். அதுவரைக்கும் இதை வைத்துக்கொண்டு நான் ஒருத்தியாக என்ன செய்வேன். கைக்கு உயிர் திரும்பி ஊசி ஊசியாகக் குத்துகிறது, குத்தட்டும், என் கைதான். குனிந்து ஆவுடையின் தொப்புளில் வாயை வைத்து ர்ர்ர் என்றேன். முழித்துவிட்டாள். இல்லை, நான்தான் எழுப்பினேன், அரை மணி நேரம் பாடுபட்டுத் தூங்கவைத்த பிள்ளையை நானே எழுப்பினேன், கண்ணை அகல விழித்து என் முகத்தைப் பார்த்தாள், ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள், "கா" என்றாள். ஆமாடி, கா, தூக்கிட்டுப் போயிருச்சு, எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிருச்சு. இனி பதினொன்று வரை கிடையாது. மடியில் ஏறி உட்கார்ந்து பேனாவைப் பிடுங்குகிறாள், விடமாட்டேன் என்றால் விடுகிறாளா, இந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருப்பதெல்லாம் அவள் எழுதியது